அந்தப் பூ எந்தப் படத்தில் இறந்தது?

மொத்தம் 432 படங்கள். 5 நிமிடத்துக்கு ஒன்று வீதம் 36 மணி நேரம் எடுத்தவை. எல்லாவற்றிலும் ஒரே செம்பருத்தி, ஒரே மேசை, ஒரே கோணம். விநாடிக்கு 24 படம் என்ற வேகத்தில் ஓடவிட்டால் ஒன்றரை நாள் 18 விநாடியில் முடிந்துவிடும்.

எங்கள் பள்ளி அறிவியல் கழகக் கூட்டத்தில் அதைத் திரையில் காட்டினேன். மொட்டு முறுக்கவிழ்ந்தது, விரிந்தது, நடுங்கியது, சுருங்கியது, மறுபடியும் முறுக்கிக்கொண்டு விழுந்தது. மாணவர்கள் கைதட்டினார்கள். "டீச்சர், இன்னொரு வாட்டி" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. மூன்றாவது முறை ஓடி முடிந்தபோது படிவம் நான்கு மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், அது எந்தப் படத்துல செத்துச்சு?"

எளிதான கேள்வி என்றுதான் நினைத்தேன். படங்கள் எல்லாம் வரிசை எண்ணோடு கணினியில் இருக்கின்றன. தேடினால் கிடைத்துவிடும். 150-ஆவது படத்துக்குப் போனேன், 250-க்குப் போனேன், 200-க்குத் திரும்பி வந்தேன். மணி அடித்தது. நல்ல வேளை என்று கணினியை மூடிவிட்டேன்.

அந்தக் கேள்வி என்னை ஏன் அவ்வளவு தொந்தரவு செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் படம் எடுத்த கதை.

மாணவர்களே, இதற்கு விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. என்னிடம் இருந்தது நான்கு வருடப் பழைய கைப்பேசி. குறிப்பிட்ட இடைவெளியில் தானாகப் படம் எடுத்து அவற்றைக் கோத்து ஓட்டும் முறைக்கு டைம் லாப்ஸ் என்று பெயர். உங்களில் பலர் மேகங்களை அப்படி எடுத்திருப்பீர்கள். மேகம் அரை மணி நேரத்தில் வேடிக்கை காட்டிவிடும். பூவுக்குப் பொறுமை வேண்டும்.

என் முதல் முயற்சி மூன்று மணி நேரத்தில் மின்கலம் தீர்ந்து முடிந்தது. இரண்டாவது முயற்சியில் மின்னூட்டியோடு இணைத்து வைத்தேன். நடுவில் அக்கா அழைத்தார். கைப்பேசி அதிர்ந்து அரை அங்குலம் நகர்ந்துவிட்டது. அதற்குப் பின் வந்த படங்களில் பூவில் பாதிதான் இருந்தது. மூன்றாவது முறை அழைப்புகளை நிறுத்தி, கைப்பேசியை இரண்டு அகராதிகளுக்கு நடுவே நெருக்கி வைத்து, தெளிவையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட்டேன். பூட்டாவிட்டால் கேமரா ஒவ்வொரு முறையும் தானே கணக்குப் போட்டுக்கொண்டு ஒரு படத்தை வெளிறவும் அடுத்ததை இருளவும் விடும். ஓட்டும்போது விளக்கு கண் சிமிட்டுவதுபோல் இருக்கும். சன்னலுக்குத் திரை போட்டு, மேசை விளக்கை வெள்ளைத் தாளால் மூடி, இரவும் பகலும் ஒரே வெளிச்சம் வைத்தேன். இரவு வெளிச்சம் பூவின் இயல்பான நேரத்தைக் கொஞ்சம் குழப்பியிருக்கலாம். படம் தெரிய வேண்டுமே என்று அதை ஏற்றுக்கொண்டேன்.

நமக்கு முன்னே இதைச் செய்தவர்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் ஃபெஃபர் என்ற தாவரவியலாளர் 1900-ஆம் ஆண்டையொட்டிய சில ஆண்டுகளில் துலிப் பூவின் அசைவையும் தொட்டாற்சிணுங்கியின் அசைவையும் இப்படிப் படமாக்கினார். பத்து ஆண்டு கழித்து, லண்டனில் எழுத்தராக வேலை பார்த்த பெர்சி ஸ்மித் என்பவர் பூக்கள் மலர்வதைப் படமாக்கினார். 'ஒரு பூவின் பிறப்பு' என்ற அந்தப் படம் 1910-இல் வெளியாகி அரங்குகளில் பெரிய வரவேற்பைப் பெற்றது. அவருக்கு ஆய்வுக்கூடம் கிடையாது. வீட்டுப் பொருள்களை வைத்தே கருவிகள் செய்தார். நள்ளிரவில் படச்சுருள் மாற்ற வேண்டியிருந்தால் தன்னை எழுப்ப மணிகளையும் பொருத்தி வைத்திருந்தார். அவர் காட்டியது பிறப்பு. நாங்கள் கேமராவை நிறுத்தாமல் அடுத்த நாள் பிற்பகல்வரை ஓடவிட்டோம்.

தண்ணீர் இல்லாமல் வாடாத பூ

செம்பருத்தியைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அதன் வாழ்க்கை ஏறக்குறைய ஒரே நாளில் முடிந்துவிடும். நம் நாட்டின் புங்கா ராயா அல்லவா, எல்லார் வீட்டு வேலியிலும் கிடைக்கும். 1960-இல் தேசிய மலரானது. ஐந்து இதழ்களும் ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைக் குறிக்கின்றன என்று படித்திருப்பீர்கள். ருக்குன் நெகாரா வந்தது 1970-இல். பூ பத்து ஆண்டு மூத்தது என்பதைப் புதிர்ப் போட்டியில் கேட்டால் பாதிப் பேர் தவறவிடுவார்கள்.

ஒரு மொட்டோடு சேர்த்துக் கிளையை ஒடித்துத் தண்ணீர்ப் போத்தலில் வைத்து, சனிக்கிழமை அதிகாலை 3 மணிக்குப் படம் எடுக்கத் தொடங்கினேன். 61-ஆவது படத்தில், அதாவது காலை 8 மணிக்கு, பூ முழுதாக விரிந்திருந்தது. மலர்வது என்பது பெரும்பாலும் தண்ணீரின் வேலை. இதழின் உயிரணுக்கள் சர்க்கரையை உள்ளே சேர்க்கின்றன. சர்க்கரை தண்ணீரை இழுக்கிறது. ஒவ்வோர் உயிரணுவும் பலூன்போல் உப்புகிறது. சவ்வூடு பரவல் பாடத்தில் படித்ததேதான்.

157-ஆவது படம், மாலை 4 மணி. இதழின் ஓரம் உள்பக்கமாக மடியத் தொடங்கியிருந்தது. 193-இல், இரவு 7 மணிக்கு, பளிச்சென்ற சிவப்பு கொஞ்சம் நீலம் கலந்த சிவப்பாக மாறியிருந்தது. செம்பருத்திச் சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும் என்பதை நீங்கள் செய்து பார்த்திருப்பீர்கள். வாடும் இதழின் உயிரணுக்களிலும் உள்ளிருக்கும் அமில அளவு மாறும்போது நிறமியின் சாயல் மாறுகிறது. நள்ளிரவில் பூ சுருட்டு மாதிரி சுருண்டுவிட்டது. அதன் பிறகு பல மணி நேரம் எதுவுமே நடக்கவில்லை, அல்லது என் கேமராவுக்குத் தெரியவில்லை. 401-ஆவது படத்தில் பூ காம்பில் இருக்கிறது. 402-இல் மேசைமேல் கிடக்கிறது.

இதில் "வாடியது" என்று நாம் சொல்வது தண்ணீர் இல்லாமல் வாடியதா? போத்தலில் தண்ணீர் இருந்தது. சந்தேகத்துக்கு அடுத்த வாரம் இன்னொரு பூவைப் பறித்து, தண்ணீரே இல்லாமல் வெறும் தட்டில் வைத்தேன். அதுவும் மாலைவரை விரிந்தே இருந்து ஏறக்குறைய அதே நேரத்தில்தான் சுருண்டது. நம் வீடுகளில் சாமி படத்துக்கு வைக்கும் செம்பருத்தியைக் கவனித்துப் பாருங்கள். அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. பொழுது சாயும்வரை நன்றாகவே இருக்கும்.

ஆக, அது தாகத்தால் சாகவில்லை. அது வேறு ஏதோ ஒரு கணக்கின்படி நடக்கிறது.

வாழைப்பழமும் கார்னேஷனும்

1908-ஐ ஒட்டி அமெரிக்காவின் சிகாகோ நகரில் பூ வளர்ப்பவர்களுக்கு ஒரு தலைவலி. அவர்களுடைய கண்ணாடி வீடுகளில் கார்னேஷன் பூக்கள் மலர்ந்த பிறகு தூங்குவதுபோல் மூடிக்கொண்டன. மொட்டுகள் மலரவே இல்லை. வில்லியம் குரோக்கர், லீ நைட் என்ற இரு ஆய்வாளர்கள் தேடிப் பார்த்ததில், விளக்கெரிக்கக் குழாயில் வந்த வாயு கசிந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. அதிலும் அந்த வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் குற்றவாளி. நுகர்ந்தால் நமக்குத் தெரியாத அளவு மிகச் சிறிய எத்திலீனே அந்தப் பூவை மூடவைக்கப் போதுமானதாக இருந்தது.

பூவின் எதிரி வெளியிலிருந்து வந்தது என்றுதான் அப்போது நினைத்திருப்பார்கள். 1934-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் என்பவர், பழுக்கும் ஆப்பிள் தானே எத்திலீனை உண்டாக்குகிறது என்று நிரூபித்தார். அது தாவரத்தின் சொந்த ஹார்மோன். படிவம் ஐந்து உயிரியலில் அந்தப் பெயரை மனப்பாடம் செய்வீர்கள். வாழைப்பழம் பழுப்பதும் கார்னேஷன் மூடுவதும் செம்பருத்தி சுருள்வதும் பெரிய அளவில் அதன் வேலைதான்.

இதை நேரில் காட்ட ஆசைப்பட்டேன். ஆசிரியர் தினத்துக்கு வந்த கார்னேஷன்கள் இரண்டை எடுத்து இரண்டு மூடிய டப்பாக்களில் வைத்து, ஒன்றில் மட்டும் நன்றாகப் பழுத்த பிசாங் மாஸ் இரண்டைப் போட்டேன். ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு பூவும் அசையவில்லை. மாணவர்கள் முன்னால் நின்று டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருப்பது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. விற்பனைக்கு வரும் கார்னேஷன்களைப் பறித்தவுடன் வெள்ளிச் சேர்மம் கலந்த கரைசலில் நிறுத்தி வைக்கும் வழக்கம் உண்டு. உயிரணுவில் எத்திலீனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி ஒன்று இருக்கிறது. அதற்குத் தாமிரம் தேவை. வெள்ளி அயனி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டால் ஏற்பிக்கு எத்திலீனின் செய்தி போய்ச் சேராது. என் பூக்கள் காது அடைக்கப்பட்ட பூக்களாக இருந்திருக்கலாம். கடைப் பூவில் சோதனை செய்தால் முடிவு கடைக்காரர் கையில் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

பிறகு வீட்டுச் செம்பருத்தியிலேயே செய்தோம். ஒரு டப்பாவில் பழுத்த பழம், இன்னொன்றில் பச்சை வாழைக்காய். காய் எத்திலீனை மிகக் குறைவாகத்தான் விடும். வெறும் டப்பாவோடு ஒப்பிடுவதைவிட அது நியாயம் என்று ஒரு மாணவன் சொன்னதால் அப்படி. பழத்தோடு இருந்த பூ மதியம் 1 மணிக்கெல்லாம் ஓரம் மடங்கத் தொடங்கியது. காயோடு இருந்தது 4 மணியைத் தாண்டியது. மூன்று முறை செய்தோம். இரண்டு முறை இப்படி, ஒரு முறை இரண்டும் சேர்ந்தே சுருண்டன. மூன்றையும் அறிக்கையில் எழுதச் சொன்னேன்.

ஒன்று கவனியுங்கள். எல்லாப் பூவும் எத்திலீனுக்குக் கட்டுப்படுவதில்லை. ஐரிஸ், டே லில்லி போன்றவை அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அவற்றுக்கு வேறு சமிக்ஞை. ஆர்க்கிட் இன்னொரு வகை. மகரந்தம் வந்து சேராதவரை அதன் பூ வாரக் கணக்கில், சில வகைகளில் மாதக் கணக்கில்கூடக் காத்திருக்கும். மகரந்தம் பட்டதும் எத்திலீன் பெருகி இரண்டொரு நாளில் வாடிவிடும். வந்த வேலை முடிந்தபின் பூவை விரித்து வைத்திருப்பது செடிக்குத் தண்ணீர்ச் செலவு, சர்க்கரைச் செலவு. செம்பருத்திக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும் ஒரு நாள்தான்.

சாவதற்கும் உயிர் வேண்டும்

என்னை மிகவும் வியக்கவைத்தது இனி வருவதுதான்.

இதழின் உயிரணு எரிபொருள் தீர்ந்து நின்றுபோகும் இயந்திரம் அல்ல. கடைசி மணி நேரங்களில் அது சும்மா இருப்பதில்லை. புதிய மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. புதிய புரதங்கள் தயாராகின்றன. அந்தப் புரதங்கள் பழைய புரதங்களையும் சவ்வுகளையும் பிரித்து, நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்றவற்றைச் செடிக்குத் திருப்பி அனுப்புகின்றன. வீட்டைக் காலி செய்கிறவர் சாமான்களைக் கட்டி அனுப்புவதுபோல. இதற்குத் திட்டமிட்ட உயிரணு இறப்பு என்று பெயர். டே லில்லி போன்ற பூக்களில் புரதம் தயாராவதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால், பூ சீக்கிரம் வாடுவதற்குப் பதிலாக இன்னும் நீண்ட நேரம் புதிதாகவே இருக்கிறது. அதாவது வேலை செய்ய முடியாவிட்டால் அதனால் சாகவும் முடிவதில்லை.

ஜப்பானில் அசகாவோ என்றொரு பூ. கோடை காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும். அங்குள்ள ஆய்வாளர்கள் 2014-இல் அதன் முதுமையைத் தொடங்கிவைக்கும் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்து 'எஃபெமெரல்1' என்று பெயர் வைத்தார்கள். நிலையற்றது என்று பொருள். அதை அடக்கியதும் சுமார் 13 மணி நேரம் இருந்த பூ ஏறக்குறைய 24 மணி நேரம் இருந்தது. நேற்றைய பூவும் இன்றைய பூவும் ஒரே கொடியில் இரு நிறத்தில் சேர்ந்து நின்றன.

சரி, அப்படியானால் ஒரே ஓர் உயிரணுவையாவது எடுத்துக்கொண்டு, இதோ இந்த நொடியில் இறந்தது என்று சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். தாவர உயிரணுவின் நடுவில் வேக்குவோல் என்ற பெரிய நீர்ப்பை இருக்கிறது. அதன் சவ்வு கிழிந்தால் உள்ளிருக்கும் செரிக்கும் நொதிகள் எல்லாம் வெளியே பாயும். அதற்குப் பிறகு திரும்பி வர வழியில்லை. அந்த உயிரணுவுக்கு அது ஒரு கணம்தான்.

ஆனால் ஓர் இதழில் எண்ண முடியாத அளவு உயிரணுக்கள். அவை சேர்ந்து இறப்பதில்லை. ஐரிஸ் பூவில் இதழின் உள்பக்க உயிரணுக்கள், வெளித்தோல் உயிரணுக்களைவிட ஏறக்குறைய இரண்டு நாள் முன்பே இறந்துவிடுகின்றன. அப்போது பூ பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். நாம் அழகான பூ என்று படம் எடுக்கும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

என் 432 படங்களில் திடீரென்று நடந்தது ஒன்றே ஒன்று. 401-க்கும் 402-க்கும் நடுவில் பூ காம்பிலிருந்து கழன்றது. அது பூவின் சாவே அல்ல. காம்பின் அடியில் உயிரோடிருக்கும் உயிரணுக்கள் தம்மிடையே இருக்கும் பசையைக் கரைத்துப் பிரிந்துகொள்ளும் வேலை அது. அதையும் என் கேமரா பார்க்கவில்லை. அந்த 5 நிமிட இடைவெளியில் நடந்து முடிந்துவிட்டது.

இப்போது அந்தக் கேள்வி என்னை ஏன் தொந்தரவு செய்தது என்று சொல்கிறேன்.

அந்தச் செடி அப்பா வைத்தது. தினமும் விடிவதற்குமுன் கைவிளக்கோடு போய் ஐந்தாறு பூ பறித்து வந்து சாமி படங்களுக்கு வைப்பார். போன வருடம் அவர் மருத்துவமனையில் இருந்தபோது கடைசி மூன்று நாளும் நான் கூடவே இருந்தேன். நான்காம் நாள் அதிகாலை காப்பி வாங்கக் கீழே போனேன். பதினைந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தபோது தாதி கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாளில் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தார். 4.10. சான்றிதழிலும் அதேதான் இருக்கிறது. இத்தனை மாதமும் நான் அந்த எண்ணோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கணத்தில் நான் இல்லையே என்று.

மனிதனைப் பூவோடு ஒப்பிடுவது பாதிதான் சரி. செம்பருத்தி உதிர்ந்தாலும் செடி இருக்கிறது. பூ ஓர் உறுப்பு மட்டும்தான். மருத்துவர் எழுதும் நேரத்துக்குச் சட்டத்திலும் மருத்துவத்திலும் திட்டவட்டமான பொருள் உண்டு, அது தேவையும்கூட. ஆனால் அதே மருத்துவம் இன்னொன்றும் சொல்கிறது. ஒருவர் இறந்து சில மணி நேரம் கழித்தும் அவருடைய கருவிழியை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்த முடியும். எல்லாம் ஒரே நொடியில் அணைந்துவிடுவதில்லை. அந்த மூன்று நாளும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எதன் பக்கத்தில் என்று எனக்கு இப்போது வேறுமாதிரி தெரிகிறது. இதை அறிவியல் பக்கத்தில் எழுதலாமா என்று யோசித்தேன். கேள்வி வகுப்பறையிலிருந்து வந்ததால் எழுதுகிறேன்.

அடுத்த கூட்டத்தில் 432 படங்களையும் சிறிய அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டினேன். பூ இறந்ததாக நினைக்கும் படத்தின் எண்ணை ஆளுக்கொரு தாளில் எழுதி, காரணமும் எழுதச் சொன்னேன். 14 பேர் எழுதினார்கள். 157, 193, 240, 253 என்று சிதறிக் கிடந்தது. மூன்று பேர் 402 என்றார்கள். ஒருவன் பூஜ்யம் என்று எழுதி, "நீங்க கிளையை ஒடிச்சப்பவே" என்று காரணம் சொன்னான். அப்படியானால் அது எப்படி மலர்ந்தது என்று அவனோடு மற்றவர்கள் அரை மணி நேரம் வாதாடினார்கள். கேள்வி கேட்ட மாணவி மட்டும் எண் எழுதவில்லை. 130-லிருந்து 300 வரை ஒரு கோடு போட்டு, "இவ்வளவும்" என்று எழுதியிருந்தாள்.

கூட்டம் முடிந்து போகும்போது அந்தச் செடியிலிருந்து ஒரு குச்சி கிடைக்குமா என்று கேட்டாள். நம் ஊர்ச் செம்பருத்தி பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. குச்சி ஒடித்து நட்டால்தான் உண்டு. எங்கள் வீட்டுச் செடிகூட, தாத்தா ரப்பர் வெட்டிய தோட்டத்தின் லயத்து வாசலிலிருந்து அப்பா ஒடித்துக் கொண்டுவந்த குச்சிதான். மரபணுப்படி பார்த்தால் அந்த லயத்துச் செடிதான் இன்னமும் எங்கள் வீட்டில் நிற்கிறது. பென்சில் நீளத்துக்கு மூன்று குச்சி வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈரத் தாளில் சுற்றிக் கொடுத்தேன். மைலோ டின்னில் மணல் போட்டு நட்டிருக்கிறாளாம். இரண்டு காய்ந்துவிட்டன. மூன்றாவதில் போன வாரம் ஓர் இலை வந்திருக்கிறது. படம் எடுத்து அனுப்பியிருந்தாள், கொஞ்சம் ஆடிப்போன படம்.